கருப்பையா அண்ணன் உட்கார்ந்திருந்த காட்சி

1

“அப்பா, நீங்க ஏம்ப்பா எந்திரிச்சீங்க?”

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ரூமில் கருப்பையா அண்ணனின் போனிலிருந்து வந்தது இந்தக் கேள்வி. கேட்டது அவருடைய மகள் செல்வி. மதுரையில் நர்சிங் படிக்கிறாள். வீடியோ காலில் அவள் தோளுக்குப் பின்னால் ஹாஸ்டல் தோழிகள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு கையில் போனும் மறு கையில் வெங்காயம் நறுக்குகிற கத்தியுமாக நின்றார். அன்றைக்கு மெஸ் முறை அவருடையது.

“டவர் சரியில்லம்மா. பெறகு கூப்பிடுறேன்” என்று அணைத்துவிட்டார்.

டவர் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த எனக்கு அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

செல்வி கேட்டது ஒரு சினிமாவைப் பற்றி. ஆஸ்திரேலிய நாவல் ஒன்றை ஆங்கிலத்தில் படமாக்கியிருக்கிறார்கள். அந்த நாட்டின் பூர்வகுடி மக்களை வெள்ளைக்காரர்கள் நடத்திய விதத்தைப் பற்றிய கதை. அதன் பாலைவனக் காட்சி ஒன்றைப் போன வருஷம் இங்கே அமீரகத்தில், அல் ஐனுக்குப் பக்கத்தில், செம்மணல் மேடுகளுக்கு நடுவில் எடுத்தார்கள். கூட்டமாக உட்கார்ந்திருக்க ஆட்கள் வேண்டியிருந்தது. எங்கள் தொழிலாளர் கேம்பிலிருந்து இருபது பேர் போலப் போனார்கள். மொழிபெயர்த்துச் சொல்ல நானும் கூடப் போனேன். இப்போது படம் போனிலேயே பார்க்கும்படி வந்துவிட்டது. செல்வி பார்த்துவிட்டாள். தோழிகளையும் கூட்டி வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள்.

அந்தக் காட்சியில் அவள் அப்பா உட்கார்ந்திருக்க வேண்டும். படத்தில் எழுந்து நிற்கிறார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டூட்டிக்குப் போகிற பஸ்ஸில் போனில் தட்டித் தட்டி இதை எழுதுகிறேன்.

2

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். முதுகுளத்தூர் பக்கம் ஊர். பி.ஏ. ஆங்கிலம் முடித்தபோது அம்மா தெருவெல்லாம் சொன்னது ஒன்றுதான்: “எம் புள்ள உக்காந்து பாக்குற வேலைக்குப் போகப் போறான்.” எங்கள் தெருவில் படிப்புக்கு அர்த்தமே அதுதான். சம்பளமோ பதவியோ பிறகு. முதலில் நாற்காலி.

நாற்காலி கிடைத்தது. இங்கே கட்டட வேலை நடக்கிற சைட் ஆபீசில் கிளார்க். சக்கரம் வைத்த நாற்காலி. ஆனால் எஞ்சினியர் கேபின் கதவைத் திறந்தால் நான் எழுந்துவிடுகிறேன். எழச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவர் ஜோர்டான்காரர், நல்ல மனிதர்தான். ஒருமுறை “உட்கார், உட்கார்” என்று கையால் அழுத்திக்கூடக் காட்டினார். அடுத்த முறையும் எழுந்தேன்.

ஊர் டீக்கடையில் பெஞ்சு கிடக்கும். எங்கள் ஆட்கள் அதற்குப் பக்கத்தில் தரையில் குத்தவைத்து டீ குடிப்பார்கள். இப்போது யாரும் தடுப்பதில்லை. தடுக்கவும் முடியாது. இருந்தும் என் அப்பா பெஞ்சைப் பார்த்தபடி குத்தவைத்தே குடிக்கிறார். கேட்டால், “இதுதான்டா முட்டிக்கு நல்லது” என்பார்.

கருப்பையா அண்ணன் பரமக்குடிப் பக்கம். அவர் வீடு எந்தத் தெரு என்று நான் கேட்டதில்லை, என்னை அவர் கேட்டதும் இல்லை. கேட்காமலே இருவருக்கும் தெரியும். கம்பி கட்டுகிற வேலை. இருபது வருஷத்துக்கு மேல் வளைகுடாவில் இருக்கிறார். குவைத்தில் மங்காஃபில் கொஞ்ச காலம், பிறகு இங்கே.

சைட்டில் ஒரு வழக்கம் உண்டு. நிழலில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வெள்ளை பிக்கப் வந்தால், யாராவது ஒருத்தர் விசில் அடிப்பார். எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஓய்வு நேரமாக இருந்தாலும்கூட. எந்த விதியிலும் இது எழுதப்பட்டிருக்கவில்லை. உட்காருவதில் தப்பில்லை, உட்கார்ந்திருக்கும்போது கண்ணில் படுவதுதான் தப்பு என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

3

ஆள் எடுக்க வந்தவர் இம்தியாஸ் பாய். லக்னோக்காரர். படக்குழுவுக்கு உள்ளூர் ஏற்பாடுகள் செய்து கொடுப்பவர். கூட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் வந்திருந்தார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் வேலை மந்தமாக இருந்த நேரம் என்பதால் கம்பெனியும் சம்மதித்துவிட்டது. அனுமதிக் கடிதம், லேபர் கார்டு நகல், படத்தை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற சம்மதப் பத்திரம் என்று அத்தனை காகிதங்களையும் நான்தான் படித்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்.

கேம்ப் முற்றத்தில் வரிசையாக நிற்க வைத்தார்கள். கறுப்பாக இருந்தவர்களை எடுத்தார்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வழியில்லை. நிறத்தை வைத்து வாழ்க்கை முழுவதும் கழித்துவிடப்பட்டவர்கள், முதல்முறையாக நிறத்துக்காகச் சேர்க்கப்பட்டார்கள். மேக்கப் பெட்டியோடு வந்த ஒரு பெண் கருப்பையா அண்ணனின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடிவிட்டார்.

“நமக்கு மேக்கப்ப ஆண்டவனே போட்டு அனுப்பிச்சிருக்கான்” என்றார் அண்ணன். அவர் சிரித்துப் பார்ப்பது அபூர்வம்.

எங்கள் ரூம் சேகரை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவன் கொஞ்சம் மாநிறம். “ஏய் கிளார்க்கு, அந்தம்மாகிட்டச் சொல்லுய்யா. மூணு மாசமா ஏசி ஸ்டோர்ல போட்டுட்டானுக, அதுல கலர் போச்சு. ரெண்டு நாள் சைட்ல நிப்பாட்டுனா பழைய கலருக்கு வந்துருவேன்னு சொல்லு” என்றான். நான் சொன்னேன். இம்தியாஸ் பாயோடு வந்த வெள்ளைக்காரப் பெண் வாய்விட்டுச் சிரித்து அவனையும் சேர்த்துக்கொண்டார். சிரித்து முடித்தபோது அவர் முகம் சிவந்து போயிருந்தது. அது சிரிப்பினால் இல்லை, வெட்கத்தினால் என்று எனக்குத் தெரியும்.

அண்ணனை முன்வரிசைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். முகம் தெரியுமாம். அன்று சாயங்காலமே செல்விக்குச் சொல்லிவிட்டார். சாதாரணமாக “சாப்டீங்களாப்பா, சரிப்பா, வைக்கட்டாப்பா” என்பதோடு முடிந்துவிடுகிற பேச்சு, அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. ஆங்கிலப் படமா, என்ன வேஷம், வசனம் உண்டா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, மெதுவாகப் பதில் சொன்னார்.

4

நாவலின் பெயரை இம்தியாஸ் பாயிடம் கேட்டு வாங்கி, போனில் இறக்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடித்திருந்தேன். படித்தவன் என்ற பொறுப்பு. படப்பிடிப்புக்குப் போகிற பஸ்ஸில் எல்லோருக்கும் கதை சொன்னேன்.

“ஆஸ்திரேலியாவுல ஒரு பெரிய மாட்டுப் பண்ணை. அதுல வேலை பாக்குறவுகதான் நாம. கூலின்னு ஒண்ணும் கெடையாது, மாவும் சர்க்கரையும் டீத்தூளும்தான். பண்ணைய விட்டு வெளிய போகணும்னா அனுமதிச் சீட்டு வேணும்.”

“அட, நம்ம கம்பெனியப் பத்தி எடுக்குறானா?” என்றான் சேகர். பஸ்ஸே சிரித்தது.

“பண்ணைக்காரன் இருக்கான்ல, அவன் கஃபீல் மாதிரின்னு வச்சுக்கங்க.” நம் விசாவைத் தன் பெயரில் வைத்திருக்கும் முதலாளிக்கு இங்கே கஃபீல் என்று பெயர். ஒரே சொல்லில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. என் மொழிபெயர்ப்புத் திறமையை நானே மெச்சிக்கொண்டேன். “ஒருநாள் வேலைய நிறுத்திட்டு எல்லாரும் கெணத்தடியில வந்து உக்காந்துடுறாக. அவன் கார்ல வந்து விரட்டுறான். யாரும் எந்திரிக்கல. சும்மா அவனப் பாத்துக்கிட்டே இருக்காக. அதுதான் நம்ம சீன்.”

“உக்காந்திருக்கணும். அம்புட்டுத்தான?” என்றார் அண்ணன்.

“அம்புட்டுத்தாண்ணே.”

மணலில் ஒரு பொய்க் கிணறு கட்டியிருந்தார்கள். அதைச் சுற்றி எங்கள் ஆட்களை உட்கார வைத்தார்கள். நடுவில் ரூத் என்ற நடிகை. நாற்பது வயது இருக்கும், பூர்வகுடிப் பெண். அவருடைய இனத்துக்குத் தனிப் பெயர் உண்டு. சொன்னார், எனக்கு நாக்கு வளையவில்லை. தப்பாக எழுதிவிடக் கூடாது என்று விடுகிறேன்.

பழைய காலத்துக் கார் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. வெள்ளைத் தொப்பி வைத்த பண்ணைக்காரர் இறங்கினார்.

இருபது பேரும் எழுந்துவிட்டார்கள்.

சரியாகச் சொன்னால், கருப்பையா அண்ணன் முதலில் எழுந்தார். பின்பக்கத்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார். தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் எழுந்தார்கள். ஓரத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த நான்கூட நிமிர்ந்து நின்றேன்.

மறுபடி எடுத்தார்கள். எழக்கூடாது என்று அழுத்திச் சொன்னேன். கார் வந்ததும் பாதி முட்டிகள் மணலை விட்டுக் கிளம்பின. மூன்றாவது தடவை மற்ற எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அண்ணன் மட்டும் எழுந்தார்.

“அரே பைட்டோ பாய், பைட்டோ!” உட்காரச் சொல்லி இந்தியில் கத்திவிட்டு இம்தியாஸ் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அண்ணே” என்றான் சேகர் பின்வரிசையிலிருந்து, “இம்புட்டு வருசமா ஒவ்வொருத்தனும் எந்திரி எந்திரின்னுதான் வெரட்டுனான். இன்னைக்குத்தான் ஒருத்தன் உக்காரச் சொல்லிச் சம்பளம் குடுக்குறான். அதையும் கெடுத்துப்புடாதீக.”

அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னார். “அந்தத் தொப்பிதான் தம்பி. வெள்ளத் தொப்பியக் கண்டா முட்டி தானா நிமிருது.” சைட்டில் எஞ்சினியர்களின் ஹெல்மெட் வெள்ளை நிறம். தொப்பியை மாற்ற முடியுமா என்று உதவி இயக்குநரிடம் கேட்டேன். ஏற்கெனவே பாதிப் படம் அந்தத் தொப்பியோடு எடுத்தாகிவிட்டதாம். அவர் வேறு வழி சொன்னார். அண்ணனைக் கடைசி வரிசைக்கு மாற்றிவிடலாம்.

“பின்னாடி போகச் சொல்றாகளா?” அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் இது புரிந்துவிட்டது. “மொகம் தெரியும்னு செல்விகிட்டச் சொல்லிட்டனே தம்பி.”

இன்னும் ஒரே ஒரு தடவை என்று கெஞ்சி வாங்கினேன்.

5

விளக்குகளை மாற்றி வைக்க நேரம் ஆனது. ரூத் இடத்தை விட்டு அசையாமல் மணலிலேயே இருந்தார். அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“நாங்க அம்புட்டுப் பேரும் எந்திரிச்சோம். இந்தம்மா ஒருதடவகூட அசையல. எப்பிடின்னு கேளு.”

கேட்டேன். ரூத் இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல என்னைப் பார்த்தார். “நான் ஏன் எழ வேண்டும்? அவன்தானே என் வீட்டுக்கு வந்திருக்கிறான்.”

தமிழில் சொன்னேன். அண்ணனின் நெற்றி சுருங்கியது.

“வீடா? பண்ணை அவனோடதுன்னுல்ல நீ சொன்ன? கஃபீலுன்ன?”

“பண்ணைய அவன் பின்னாடி வந்து வளைச்சுக்கிட்டதுண்ணே. நெலம் இவுகளோடது. காலங்காலமா.”

“அப்ப வேலைக்கு வந்தவன் இவுக இல்ல. வந்தவன் அவன்.”

“ஆமாண்ணே.”

“அட கூறுகெட்டவனே, அத மொதல்லயே சொல்றதுக்கென்ன! கஃபீலுன்னு சொன்னா எந்திரிக்காம என்ன செய்வான் மனுசன்?”

ஒரு நாவலை முழுசாகப் படித்திருந்தேன். அதன் அச்சாணி அவர் கேள்வியில்தான் எனக்குத் தட்டுப்பட்டது. அவர்கள் பாடும் எங்கள் பாடும் ஒன்று என்று பஸ்ஸில் நான் பரப்பி வைத்தது எவ்வளவு சுலபமான பேச்சு! நாங்கள் வேறொருவர் மண்ணுக்கு விசா எடுத்து வந்தவர்கள். கான்ட்ராக்ட் முடிந்தால் திரும்பிப் போக ஓர் ஊர் இருக்கிறது, அது எப்படிப்பட்ட ஊராக இருந்தாலும். அவர்கள் எங்கேயும் போகவில்லை. இருந்த இடத்திலேயே அவர்களை அந்நியராக்கி, அனுமதிச் சீட்டைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

நாலாவது தடவை கார் வந்தது. புழுதி அடங்கியது. வெள்ளைத் தொப்பி இறங்கி, கத்தியது, காலால் மணலை உதைத்தது. மணல் அண்ணனின் மடியில் விழுந்தது.

அண்ணன் அசையவில்லை. சம்மணம் போட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் முட்டியின் மேல் கவிழ்த்து வைத்து, அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. முகவரி தவறி வாசலுக்கு வந்துவிட்டவனை, என்ன வேணும் என்று கேட்கப் போகிற மாதிரி ஒரு பார்வை. இயக்குநர் “கட்” சொல்ல மறந்து நின்றார். நான் அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. சைட்டில் அதற்கு வேலை இருந்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். “என்னத்தண்ணே நெனச்சுக்கிட்டீங்க?”

“எங்க வீட்ட” என்றார்.

காலனியில் அரசாங்கம் கொடுத்த மனையில், வளைகுடாச் சம்பாத்தியத்தில் கட்டிய கான்கிரீட் வீடு. பட்டா செல்வி பெயரில். லீவில் போனால் மட்டும் அவர் தங்குகிற வீடு. “வாசல்ல சேர் போட்டு உக்காந்திருக்கேன், எவனோ கார்ல வந்து எறங்குறான்னு நெனச்சுக்கிட்டேன். யாரு எவரா இருந்தாலும் நான் எதுக்கு எந்திரிக்கணும்? எம் மக வீடு அது.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: “இன்னும் அப்பிடி ஒருநாக்கூட உக்காந்ததில்ல தம்பி. லீவுல போனா எங்குட்டு நேரம்.”

6

அன்று படப்பிடிப்பு முடிந்து பஸ் கிளம்புவதற்கு முன் டீக் குடிக்கிற இடத்தில் ரூத் என்னிடம் பேசினார். “உங்கள் ஆட்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பெரியவர் அருமையாகச் செய்தார். ஆனால் கறுப்பு என்பது ஒரே ஊர் இல்லை, தம்பி. அவர் உட்கார்ந்த இடத்தில் என் பெரியப்பா உட்கார்ந்திருக்க வேண்டும். இதை இயக்குநரிடம் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இனியும் சொல்வேன்.” ‘தம்பி’ என்பது நான் போட்டுக்கொண்டது. அவர் சொன்ன தொனிக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

அவர் சொல்லி ஜெயித்திருக்கிறார். படத்தில் கிணற்றடிக் காட்சியில் இருப்பவர்கள் நாங்கள் அல்ல. அதே உடையில் ரூத், அவரைச் சுற்றி அவருடைய மக்கள். பின்னால் நிஜ மரங்கள், அவர்களுடைய சொந்த மண். அங்கே போய்த் திரும்ப எடுத்திருக்கிறார்கள். நானும் போனில் பார்த்தேன். கிழவர் ஒருவர் ஈயை ஓட்டக்கூடக் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கிறார். ரூத்தின் பெரியப்பாவாக இருக்கலாம். அந்த இருப்பு அவர்களுடையது. அதை நாங்கள் இரவல் வாங்கியிருக்கக் கூடாது.

ஆனால் எங்களை முழுக்கத் தூக்கிவிடவும் இல்லை. படத்தின் ஆரம்பத்தில், பண்ணைக்காரரைக் கண்டு எல்லோரும் எப்படிப் பயந்து கிடந்தார்கள் என்று காட்டுகிற இடத்தில், எங்கள் முதல் தடவையை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கார் வருகிறது, எழுகிறோம். கருப்பையா அண்ணன் மணலைத் தட்டிவிட்டு, தலைத்துணியைக் கக்கத்தில் வைக்கிறார். முகம் தெளிவாகத் தெரிகிறது. கண் இமைத்தால் போய்விடுகிற நேரம்தான். எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றுதானே பத்திரத்தில் இருந்தது.

வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இதில் நியாயம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அலைந்துகொண்டிருக்கிறேன்.

செல்வி அதற்குப் பிறகும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணன் எடுக்கவில்லை. “எடுங்கண்ணே, சொல்லிருவோம்” என்றேன். “என்னத்தச் சொல்ல? தோழிகளுக்கு முன்னாடி வச்சுப் பாத்திருக்கா” என்றார். சேகர்கூட இந்த வாரம் முழுக்கக் கிண்டல் எதுவும் பண்ணவில்லை.

7

நேற்று மத்தியானம். வருகைக் கணக்கு எடுக்க நான் சைட்டுக்குள் போயிருந்தேன். சாப்பாட்டு நேரம். பாதி எழும்பிய சுவரின் நிழலில் அண்ணன் சேகரோடு உட்கார்ந்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. செல்வி. என்ன நினைத்தாரோ, எடுத்துவிட்டார்.

“ஏம்ப்பா போன எடுக்கவே மாட்டேங்கிறீங்க? நான் கோவமா ஒண்ணும் கேக்கல. உக்காந்திருப்பேன்னு சொன்னீங்க, அதான் கேட்டேன்.”

“உக்காந்தேன்மா. அதையும் எடுத்தாக. அத இவுக போடல.”

“அப்ப மொதல்ல ஏன் எந்திரிச்சீங்க? டைரக்டர் சொன்னாரா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சேகரும் ‘ஆமான்னு சொல்லுங்க’ என்று தலையை ஆட்டினான்.

அப்போது விசில் கேட்டது.

தூரத்தில் புழுதி. வெள்ளை பிக்கப். சுவரோரம் இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். கருப்பையா அண்ணனும் எழுந்தார், போன் கையில் இருந்தபடியே. பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். போனில் செல்விக்கு வானமும் சுவரும் அப்பாவின் தாடையும் ஆடி ஆடித் தெரிந்திருக்கும். பிக்கப் நிற்காமல் எங்களைக் கடந்து பின்பக்க கேட்டுக்குப் போனது. உள்ளே இருந்தவர் எங்களைப் பார்த்தாரா என்றுகூடத் தெரியவில்லை.

அண்ணன் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“இப்ப வெளங்குச்சாம்மா?”

“ம்” என்றாள், மிக மெதுவாக.

“உக்காந்ததும் நெசம்தான்மா. பாத்த ஆளு இங்கனதான் நிக்குது. நான் சொன்னா நல்லாருக்காது. தம்பி சொல்லும், கேளு.”

போனை என் கையில் திணித்தார். திரையில் செல்வியின் கண்கள் கலங்கியிருந்தன. “சொல்லுங்கண்ணா” என்றாள்.

படித்தவன் நான். எழுதத் தெரிந்தவன். வார்த்தைக்கு எனக்குப் பஞ்சமில்லை என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுவரோரத்தில் இன்னும் யாரும் உட்காரவில்லை. நானும் நின்றுகொண்டேதான் சொன்னேன்.

“செல்வி, கார் வந்துச்சு. அந்த ஆளு எறங்கிக் கத்துனான், மணல எத்துனான். உங்க அப்பா உங்க வீட்டு வாசல்ல இருக்குற மாதிரி உக்காந்திருந்தாரு. நான் பாத்தேன்.”